மணமுறிவும் மிகுபொருள் விரும்பாமையும்

மணமுறிவு நேர்ந்த இல்லங்களில், மனைவியின் நகைகளைத் திருப்பித் தராத சிலர், "சமணப் பெண்ணுக்குப் பொன்மீது இத்துணைப் பற்று ஆகுமா?" என்று வினவக் கேட்கிறோம். அறம் போலவே ஒலிக்கும் வினாதான். ஆயினும் மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம், இல்லறத்தான் தன் பொருளுக்குத் தானே வரைந்துகொள்ளும் எல்லையாகும். பிறர் பொருளுக்கு எல்லை வரைய அவ்விரதம் எவருக்கும் உரிமை தரவில்லை. அவ்வாறு வரையப் புகுந்தால் கள்ளாமை விரதத்திற்கே பழுது நேரும்.

சட்டமும் இதனின்று வேறுபடவில்லை. சமணர்க்கு 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமே பொருந்துகிறது. 2014-இல் நாம் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டதால் அது மாறிவிடவில்லை. சீதனம் பெண்ணின் முழு உடைமை என்றும், கணவனிடம் அது அடைக்கலப் பொருளே என்றும் 1985-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் தத்தம் வருவாய், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று 2020-இல் ஆணையிட்டது.

பொய்யாமை சோதனைக்கு வருவது அப்பத்திரத்தில்தான். வீட்டுமனையைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டு, "எனக்கென ஒன்றுமில்லை" என்று கையொப்பமிடுபவர் பற்றற்றவர் ஆவாரோ? பரிக்கிரகம் என்பது பொருளின்மீது கொள்ளும் மயக்கமே என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. மனை பெயர் மாறியதே அம்மயக்கத்தால் அன்றோ? தன் ஊதியத்தை மறைத்து ஜீவனாம்சம் கோரும் மனைவிக்கும் இதே வினா உண்டு.

மணமக்கள் பெறும் பரிசுப் பொருள்களைப் பட்டியலிட்டு இருவரும் கையொப்பமிட வேண்டும் என்னும் விதி 1985 முதல் நடப்பில் உள்ளது. நம்மவர் திருமணங்களில் மொய்ப் பட்டியலைத் தவறாமல் எழுதுகிறோம்; இப்பட்டியலை எழுதக் கண்டதாக நினைவில்லை.