நோயாளியின் அருகில் அமருங்கள்



1965ஆம் ஆண்டு சிக்காகோவில் இறையியல் மாணவர் நால்வர், மரணத்தைப் பற்றி ஆராய விரும்பி, எலிசபெத் கூப்ளர்-ரோஸ் என்னும் மனநோய் வைத்தியரிடம் உதவி கேட்டனர். மரணத்தை எதிர்நோக்குவோரிடமே கேட்டுப் படிப்போம் என்றார் அவர். வைத்தியசாலையில் விசாரித்தபோதோ, அப்படியான நோயாளர் தங்கள் விடுதியில் இல்லையென வைத்தியர்கள் கைவிரித்தனர். அத்தனை பெரிய வைத்தியசாலையில்!

ஆயினும் இருநூறுக்கு மேற்பட்டோர் பேச முன்வந்தனர். தங்கள் நோயின் கடுமையைப் பிறர் சொல்லாமலே பலர் அறிந்திருந்தனர். 1969இல் வெளிவந்த அவரது நூல் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளைக் கூறிற்று. எல்லோரும் அந்த ஒழுங்கில் செல்வதாகப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அப்பட்டியலைவிட, அவர் அருகிலமர்ந்து கேட்டதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? "அம்மாவுக்குச் சொல்லாதேயுங்கோ" என்று கதவுக்கு வெளியே குசுகுசுக்கிறோம். உள்ளே அம்மாவோ, பிள்ளைகள் கலங்குவார்களென்று தானும் மறைக்கிறா. சுவாமியாரைக் கண்டால் பயந்துவிடுவா என்று, நினைவு தப்பிய பின்னரே ஆள் அனுப்புகிறோம். நோயிற்பூசுதல் சாகக் கிடப்போருக்கு மட்டும் உரியதல்லவென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே கூறிவிட்டது. "அவஸ்தைப்பூசுதல்" என்ற பழைய பெயரின் அச்சம் இன்னும் நம்மை விடவில்லை.

கெத்சமனியில் நம் ஆண்டவர் தமது துயரை மறைக்கவில்லை. சீடரிடம் சொல்லி, தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால், இன்றிரவு அருகிலமர்ந்து, மனதில் என்ன இருக்கிறதென்று கேளுங்கள். பதில் வரும்வரை எழும்பாதிருங்கள்.