அத்தைக்கு ஒரு அடுப்பு

தோல் சுருங்கி, தலை நரைத்து, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததைப் பார்த்துவிட்டால் கிரகஸ்தன் காட்டுக்குப் போகலாம் என்கிறது மனு ஸ்மிருதி. ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வரும் விதி இது. மனைவியைப் பிள்ளைகள் பொறுப்பில் விடலாம், இல்லையென்றால் உடன் அழைத்துக்கொண்டு போகலாம். எப்படியானாலும் பேரன் முகம்தான் கிளம்பச் சொல்லும் அடையாளம். நாங்கள் செய்யப்போவதோ இதற்கு நேர் எதிர். பேரனும் பேத்தியும் பள்ளிக்கூடம் போகும் வயதில், பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் மாமனார் மாமியாரைத் திருவெறும்பூரில் கட்டப்போகும் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். போவதற்குக் காடு இல்லாத காலத்தில் வயதானவர்களுக்கு வீட்டுக்குள் என்ன இடம்? அவர்கள் அங்கே வீட்டுக்காரர்களா, விருந்தாளிகளா, பாதித் துறவிகளா? பிளான் போட உட்கார்ந்தபோது, இதற்குப் பதில் தெரியாமல் ஒரு சுவரைக்கூட எங்கே எழுப்புவது என்று சொல்ல முடியாது என்று எனக்குப் பட்டது.

மனை நான்கு சென்ட். 30 அடிக்கு 58 அடி, மேற்குப் பார்த்தது. இன்ஜினியர் முதலில் போட்டுக்கொண்டு வந்த பிளானில் மாடிப்படியை ஒட்டி 10க்கு 10 அறை ஒன்று இருந்தது. ‘பேரண்ட்ஸ் ரூம்’ என்று எழுதியிருந்தார். அதற்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. அதை அத்தையிடம் காட்டினேன்.

“எனக்கு எதுக்கும்மா தனியா ரூமு? கூடத்துல ஒரு ஓரமா பாயை விரிச்சுப் படுத்துக்கறேன். புள்ளைங்களுக்கு ரூம் போடுங்க.”

கேட்டவர்கள் எல்லாரும் அத்தையை மெச்சினார்கள். ஒரு பற்றும் இல்லாத மனுஷி என்றார்கள். எனக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் இதே வாக்கியத்தை வயதான பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் பற்றறுத்தல் எவ்வளவு, பாரமாகிவிடக் கூடாதே என்கிற பயம் எவ்வளவு என்று வெளியில் இருப்பவர்களால் பிரித்துப் பார்க்க முடியாது. சொல்கிறவர்களுக்கே கூடத் தெரியுமா என்பது சந்தேகம்.

மகாபாரதத்தில் ஆசிரமவாசிக பர்வத்தைப் படிக்கிறவர்கள் குறைவு. போர் முடிந்துவிட்டதால் கதையும் முடிந்துவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். முதியவர்களை வீட்டில் வைத்துக்கொள்வதைப் பற்றி அதைவிடக் கூர்மையாக எழுதப்பட்ட எதையும் நான் படித்ததில்லை. நூறு பிள்ளைகளையும் இழந்த திருதராஷ்டிரன் பதினைந்து ஆண்டுகள் தருமன் அரண்மனையில் இருக்கிறான். குறை ஒன்றும் இல்லை. படுக்கை, ஆடை, சமையல்காரர்கள் எல்லாம் முன்பு அரசனாக இருந்தபோது இருந்தபடியே. எந்தக் காரியத்துக்கும் அவனைக் கேட்டுத்தான் தருமன் செய்கிறான். ஆனால் பீமனும் அதே வீட்டில்தான் இருக்கிறான். கிழவன் காதில் விழும்படி தன் தோளைத் தட்டி, குருடனின் பிள்ளைகளைக் கொன்ற கைகள் இவை என்கிறான். தருமனுக்கு இது தெரியாது. திருதராஷ்டிரன் கடைசியில் சபையில் வாய் திறக்கும்போது வேறொன்றும் வெளியே வருகிறது. அவன் வெகுகாலமாக ஒருவேளை அரைவேளை உண்டு, தரையில் தர்ப்பையில் படுத்து வந்திருக்கிறான். காந்தாரிக்கு மட்டும்தான் தெரியும். தருமன் அதைக் கேட்டு உடைந்துபோகிறான். என் வீட்டில், என் கண்முன், நீங்கள் பட்டினி கிடந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அழுகிறான்.

தருமனைவிட நல்ல பிள்ளை யாருக்குக் கிடைப்பான்? அந்த வீட்டிலேயே முதியவர் சாப்பிட்டாரா என்பது தெரியாமல் போயிருக்கிறது.

அவர்கள் காட்டுக்குக் கிளம்பும்போது குந்தியும் கிளம்புகிறாள். எனக்கு இந்தப் பர்வத்தில் மிகவும் பிடித்த இடம் இது. குந்தியை யாரும் புண்படுத்தவில்லை. அவள் பெற்ற பிள்ளைதான் அரசன். பிள்ளைகள் காலில் விழுந்து தடுக்கிறார்கள். நீங்கள் மானத்தோடு வாழவேண்டும் என்றுதான் உங்களைப் போருக்குத் தூண்டினேன், அரச சுகத்தை என் கணவர் காலத்திலேயே அனுபவித்துவிட்டேன், பிள்ளைகள் வென்ற சுகம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காந்தாரிக்குத் துணையாக நடக்கிறாள். திருதராஷ்டிரனும் குந்தியும் போனது ஒரே காட்டுக்குத்தான். பின்னால் காட்டுத்தீயில் ஒன்றாகவே மாண்டார்கள். ஆனாலும் குந்தி போனதைத் துறவு என்று சொல்ல என்னால் முடிகிறது. திருதராஷ்டிரன் போனதை முழு மனதோடு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒருவரிடம் இருப்பதைத்தான் அவர் துறக்க முடியும். முதலிலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டு, மிச்சம் இருக்கும் பாயைக் காட்டி, பார் எவ்வளவு பற்றற்று இருக்கிறார் என்று சொல்வது அநியாயம். அத்தை துறக்க விரும்பினால் துறக்கட்டும். அதற்கு முன்னால் அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். அதனால் மனுவைப் படித்தாலும் மனம் தொல்காப்பியத்துக்குப் போகாமல் இருக்காது. கற்பியலில் தொல்காப்பியர் முதுமையைப் பற்றி ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். காமம் நிறைவடைந்த கடைசிக் காலத்தில், காவலாக நிற்கும் மக்களோடு கூடி, அறம் விரும்பும் சுற்றத்தின் நடுவே, கணவனும் மனைவியும் சிறந்ததைப் பயில்வதே கடந்துபோன வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை. பிள்ளைகள் சூழ, உறவு சூழ, இருந்த இடத்திலேயே. அதுவும் இருவரும் சேர்ந்து. இந்தக் கடைசிச் சொல்லை நான் சும்மா கடந்து போக மாட்டேன். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பாட்டி பேரப்பிள்ளைகளோடு உள்ளறையில், தாத்தா கூடத்தில் சோபாவில் என்று பிரித்துப் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். அண்ணன் வீட்டில் அப்பா, தம்பி வீட்டில் அம்மா என்று ஊரையே மாற்றிப் பிரிக்கிறவர்களும் உண்டு. அறுபதில் திருக்கடையூருக்கு அழைத்துப்போய் மாலை மாற்றி மறுபடி தாலி கட்டவைத்தவர்களே இதைச் செய்கிறார்கள். அந்தக் கோயிலில் எண்பது வயதுத் தம்பதிகள் சதாபிஷேகத்துக்கு ஒரே பலகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, இவர்கள் வீட்டுக்குப் போனால் ஒரே அறைக்குத்தான் போவார்களா என்று எனக்குத் தோன்றும்.

சரி, அந்தச் சிறந்தது எது? வீடுபேற்றுக்கான வழி என்று உரைகள் பேசும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அத்தையைப் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு இன்னொன்று தெரிகிறது. கிராமத்து வீட்டில் அவர் அடுப்பு விடியற்காலையில் பற்றவைத்தால் இருட்டும்வரை ஓய்வதில்லை. தபால்காரருக்கு மோர், நடவுக்கு வந்த பெண்களுக்குக் காப்பி, வெயிலில் வந்த பாத்திரக்காரருக்குச் சொம்புத் தண்ணீரோடு இரண்டு இட்லி. யாரையும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து தங்கும்போது ஊரிலிருந்து யாராவது அவரைப் பார்க்க வந்தால், அத்தை முதலில் என் முகத்தைப் பார்ப்பார். நான் காப்பி போடுவேன், சந்தோஷமாகத்தான் போடுவேன். ஆனால் கொடுத்தவள் நானாகிவிடுகிறேன். “நீ பேப்பர் திருத்திட்டு அசந்து படுத்திருக்கே, ஒரு காப்பிக்காக உன்னை எப்படி எழுப்பறது?” என்று ஒருமுறை சொன்னார். வந்தவர் வெறும் வாயோடு போனது அவருக்கு அன்று முழுதும் மனதில் நின்றது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் இழந்ததாகக் கோவலனிடம் சொல்பவற்றை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். கணவன் பிரிந்திருந்த காலத்தில் அவள் சோற்றுக்குத் திண்டாடவில்லை. மாமனார் மாமியார் அன்பாகவே இருந்தார்கள். அவள் இழந்ததாகச் சொல்வது, அறவோர்க்குக் கொடுப்பது, துறவிகளை எதிர்கொள்வது, விருந்தினரை வரவேற்பது ஆகியவற்றை. வாங்கிக்கொள்வதற்கு அவளுக்கு எல்லாம் இருந்தது. கொடுப்பதற்கான நிலைதான் இல்லை. பிள்ளை வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் நேர்வது இதுவே. வேளைக்குச் சாப்பாடு வருகிறது, மாத்திரை வருகிறது, கட்டில் இருக்கிறது. அறம் செய்வதற்கான இடம் மட்டும் போய்விடுகிறது.

அத்தைக்கென்று ஒரு அடுப்பு வைக்கப்போகிறேன் என்றதும், வயதான காலத்தில் அவரை மறுபடி அடுப்போடு கட்டிப்போடுகிறாயே, நாமஜபம் செய்யவேண்டிய வயதல்லவா என்று என் கணவரின் சித்தப்பா கேட்டார். பக்தியுள்ளவர், நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். நாமஜபமும் நடக்கட்டும். வந்தவருக்குக் காப்பி கொடுப்பதால் அது கெட்டுப்போகாது. அடுப்பு வேண்டாம் என்று அத்தைக்குத் தோன்றும் நாளில் அவரே அதை மூடிவைப்பார். அந்த முடிவு அவருடையதாக இருக்கவேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

எனவே பிளான் மாறியது. மேற்குப் பார்த்த மனையில் தென்மேற்கு மூலை தெருப்பக்கம் விழுகிறது. கன்னி மூலை குடும்பத் தலைவர் படுக்கும் இடம், அதைப் பெரியவர்களுக்கு விடாதீர்கள், கடன் கட்டுகிறவர்தானே தலைவர் என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். வங்கிக் கடன் என் கணவர் பெயரில் இருப்பது உண்மை. மனை வாங்கிய பணம் மாமா இரண்டு மா நஞ்சையை விற்றுக் கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் இரண்டையும் தராசில் வைத்துத் தலைமையை முடிவு செய்ய எனக்கு விருப்பமில்லை. மாமா ஒரு பைசா கொடுக்காவிட்டாலும் அந்த மூலை அவருக்கே. 12க்கு 14 அறை, தெருவைப் பார்த்து ஜன்னல். கன்னி மூலையில் வாசல் ஆகாது என்பதால் அறையின் வடக்குச் சுவரில் கதவு வைத்து, அது திண்ணையில் திறக்கும்படி செய்தோம். வீட்டுக்குள் போகாமலே அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் வரலாம், போகலாம். அந்தக் கதவின் சாவி அவர்களிடம். அறையின் தென்கிழக்கில் மூன்றடி மேடை, ஒற்றை அடுப்பு, ஒரு குழாய்.

குளியலறைக்கு மூன்றடிக் கதவு, சக்கர நாற்காலி வந்தால் நுழையும்படி. வாசலில் படி இல்லை, சுவரில் கைப்பிடிக் கம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்டபோது கொத்தனாருக்கு ஆச்சரியம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். சாய்தளத்தில்தான் அதிகம் மல்லுக்கட்டினோம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்துகொண்டே வருகிறது என்று இன்ஜினியர் மூன்றடி பேஸ்மட்டம் கேட்டார். மூன்றடிக்கு 36 அடிச் சாய்தளம், மனையின் அகலமே 30 அடி. இரண்டடிக்கு இறங்கிவந்து, 24 அடியை ஒரு மடக்காக மடக்கி, முன்பக்கம் வைத்தோம். காருக்கு வைத்திருந்த இடம் போயிற்று. கார் தெருவில் நிற்கட்டும்.

பத்திரத்தை மாமா, கணவர் இருவர் பெயரிலும் பதிந்தோம். பெற்ற பிள்ளையிடம் சட்டம் எதற்கு என்று மாமாவே கேட்டார். 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. கோட்டாட்சியர் முன் மனு கொடுத்தால் போதும். அப்படி ஒரு மனு எழுதும் நிலைக்கு யாரும் வரவே கூடாது. அதற்காகத்தான் முதலிலேயே கூட்டுப் பெயர். தருமன் நல்லவன்தான், ஆனால் அவன் நல்லவனாக இருந்தது ஒன்றே திருதராஷ்டிரனுக்கு அந்த வீட்டில் இருந்த பிடிமானம். அப்படி ஒருவரின் நல்ல குணத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒரு முதியவர் வாழக் கூடாது. நானும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிவது குடும்பம் பிரிந்ததற்கு அடையாளம் என்று பயப்படுகிறவர்கள் செட்டிநாட்டுப் பக்கம் போய்வரலாம். ஒரே பெரிய வீட்டுக்குள் கல்யாணமான பிள்ளைகளை வேறு வைத்து, தனித்தனியாகச் சமைத்து, விசேஷங்களை ஒரே வளவில் சேர்ந்து நடத்தியவர்கள் நகரத்தார்.

என் அம்மா புதுக்கோட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அப்பா இல்லை. பராமரிப்புச் சட்டம் மகன் மகள் என்று பேதம் பார்க்கவில்லை, அம்மா பார்க்கிறார். மகள் வீட்டில் போய்த் தங்குவதாவது என்பார். வரும்போதெல்லாம் முறுக்கோ அதிரசமோ ஒரு டப்பா கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் இங்கே தண்ணீர் குடிப்பார். இவரை என்ன செய்வது என்பதற்கு என் பிளானில் பதில் இல்லாமல் இருந்தது. போன வாரம் புதுப் பிளானை அத்தையிடம் விரித்துக் காட்டினேன். கதவு எது, மேடை எது, குழாய் எது என்று விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தவர், “உங்கம்மாவை நான் கூப்பிடறேம்மா. எங்க ரூமுக்குத்தானே வராங்க, மக வீட்டுக்கு இல்லையே. அவங்க இருக்கிற வரைக்கும் உங்க மாமா திண்ணையில படுத்துப்பாரு” என்றார். மாமாவும் தலையை ஆட்டினார். திண்ணை இப்போது இரண்டடி அகலம்தான் இருக்கிறது. மூன்றடியாக்கச் சொல்லி இன்ஜினியரிடம் கேட்டிருக்கிறேன்.