காயம்பட்ட கோழியும் நமது கணக்கேடும்

பினாங்கு வாழ் வியாபாரச் சகோதரர்களே!

நாம் ஆலிமல்லோம். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பாடசாலையில் படித்ததுமே நமது கல்வி. மளிகைக் கடைத் தராசின் பின்னால் நின்றே வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆகவே பெரிய விஷயங்களைப் பேச நாம் முன்வரவில்லை. நம் வீட்டுக் கொல்லையில் நடந்த ஒரு சிறு சம்பவத்தையும், அதனால் நாம் பெற்ற படிப்பினையையும் மட்டும் தங்கள் முன் வைக்கிறோம்.

ஜெலுத்தோங்கில் நாம் குடியிருக்கும் வீட்டின் பின்புறம் ஐந்தாறு நாட்டுக் கோழிகள் வளர்க்கிறோம். ஷஅபான் மாதத்து வியாழன் இரவு ஒன்றில், கடையடைத்து இஷாவும் தொழுது கண்ணயர்ந்த வேளை, கூட்டிலிருந்து பெருங்கூச்சல் எழுந்தது. விளக்கோடு ஓடினோம். மலாய்க்காரர்கள் மூசாங் என்று சொல்லும் மரநாய் ஒன்று தாவிக் கூரைமேல் மறைந்தது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீட்டுக் கூரைகளில் குடியிருக்கும் இப்பிராணியை நம்மில் அறியாதவர் யார்? கூட்டின் மூலையில் செவலைப் பெட்டையொன்று முதுகுத் தோல் கிழிந்து, ஒரு சிறகு தொங்க, மூச்சிரைத்துக் கிடந்தது.

"சீக்கிரம் அறுத்துடுங்க. செத்துப்போச்சுன்னா யாருக்கும் ஆகாமப் போயிடும்" என்றார் நம் வீட்டார்.

அவர் சொன்னது மார்க்கத்துக்கு மாறானதன்று. வேட்டைப் பிராணி கடித்துச் செத்தது ஹராம். உயிரிருக்கும்போதே முறைப்படி அறுத்துவிட்டால் ஹலால் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 3-வது ஆயத்தில் வந்துள்ள சட்டம். பிழைக்க வழியில்லாமல் துடிக்கும் ஜீவனைக் கூரிய கத்தியால் விரைந்து அறுப்பதும் இரக்கமே. ஆனால் சகோதரர்களே, நாம் கத்தியை எடுத்தது இரக்கத்தினாலன்று. ஒரு கோழியின் விலை வீணாகிவிடுமே என்ற பதைப்பினால் எடுத்தோம். அது அல்லாஹ்வுக்கும் நமக்கும் தெரியும்.

அப்போது நம் மகள், "அத்தா, அது எழுந்திரிக்கப் பாக்குது" என்றாள். பார்த்தோம். கோழி இரு கால்களையும் ஊன்றி எழ முயன்றது. விழுந்தது, மறுபடியும் முயன்றது. பிழைக்க விரும்பும் ஜீவன் என்று நன்கு தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டோம்.

அந்நேரம் நம் நினைவுக்கு வந்தது, சிறுவயதில் மதரஸாவில் உஸ்தாது சொல்லித் தந்த ஒரு வரலாறு. ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு வழியே போகையில், குறைஷி வாலிபர்கள் சிலர் ஒரு கோழியைக் கட்டி வைத்து அதன்மீது அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். இவர்களைக் கண்டதும் கலைந்து ஓடினார்கள். உயிருள்ள ஒன்றை இலக்காக வைப்பவனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அங்கேயே எடுத்துரைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. முஸ்லிமின் ஓர் அறிவிப்பிலே இன்னொரு செய்தியும் உண்டு: குறி தவறிய அம்புகளெல்லாம் பறவையின் சொந்தக்காரனுக்கு என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்களாம்!

வியாபாரிகளாகிய நாம் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுவே. சொந்தக்காரன் சம்மதித்தான். அவனுக்குச் சேர வேண்டியதும் பேசி முடிந்தது. கொடுக்கல் வாங்கலில் குறையொன்றுமில்லை. ஆயினும் அச்செயல் சாபத்துக்குரியதாயிற்று. ஏனெனில் கட்டப்பட்டிருந்த ஜீவனின் வேதனை அந்தக் கணக்கில் ஏறவேயில்லை.

அன்றிரவு நம்மாலியன்றதைச் செய்தோம். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பை நிறுத்துக் கரைத்து, காயத்தை மெதுவாகக் கழுவினோம். கோழியின் உடற்சூடு இயல்பாகவே 41 டிகிரியை ஒட்டியது. அதிர்ச்சியில் அது தணிந்துவிடும். ஆகவே பழந்துணி விரித்த அட்டைப் பெட்டியில், இருட்டாகவும் கதகதப்பாகவும், சந்தடியில்லாத இடத்தில் வைத்தோம். மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்தும் வைத்தோம். இரத்தத்தைக் கண்டால் அவையே கொத்திக் கொன்றுவிடும். மனிதர் விழுங்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்கவில்லை.

காலையில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். கிழிந்த தோலைவிட, பல் பதிந்த சிறு துளைகளே ஆபத்தானவை, மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும் என்றார். மருந்து தந்தார். மருந்து கொடுக்கும் நாட்களிலும், பின்பு தாம் சொல்லும் வரையிலும் முட்டையை உண்ணலாகாது என்றார். நம் ஊர் வெக்கையில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். ஆகையால் காலையும் மாலையும் காயத்தைப் பார்ப்பது நம் மகளின் வேலையாயிற்று. மூன்றாம் நாள் நனைத்த சோற்றைத் தானே கொத்தித் தின்றது. அல்ஹம்துலில்லாஹ்!

மருந்துச் செலவை நோட்டில் எழுதினோம். கோழியின் விலையைவிட அதிகம். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது.

சென்ற ஆண்டு நம் கடைத் தம்பி ஒருவர், அரிசி மூட்டை சரிந்து காலில் விழுந்து, 11 நாள் எழ முடியாமல் கிடந்தார். மருந்துக்குக் கொடுத்தோம், 11 நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டோம். வேலை செய்யாத நாளுக்குக் கூலி ஏது என்று நமக்கு நாமே நியாயமும் சொல்லிக்கொண்டோம். கோழிக்காகக் கத்தியைக் கீழே வைத்த நாம், நம் மூட்டைக்கு அடியில் கால் நசுங்கிய மனிதருக்கு என்ன செய்தோம்?

மறுவாரம் ஜும்ஆவுக்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தபோதும் இதே எண்ணம் விடவில்லை. அப்பள்ளி 1801-ஆம் ஆண்டு காதர் முஹ்யித்தீன் அவர்களின் காலத்தில் எழுந்தது. கடல் கடந்து வந்து பொருளீட்டிய நம் முன்னோர், ஈட்டியதில் அல்லாஹ்வுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கியதற்கு அது சாட்சி. நாமோ 11 நாள் கூலியை ஒதுக்கி வைத்திருந்தோம், நமக்கென்று!

அன்று மாலையே அந்தப் பணத்தை எடுத்து, தவறு நம்முடையது என்று சொல்லிக் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. "சரிங்க முதலாளி" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூட்டை பிரிக்கப் போய்விட்டார். மனதார மன்னித்தாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன கூலியை ஓராண்டு கழித்துக் கொடுத்தவன், மன்னிப்பை மட்டும் உடனே எதிர்பார்க்கலாமா?

பெட்டை இன்று கொல்லையில் நடமாடுகிறது. புது இறகு முளைத்துவிட்டது. ஒரு சிறகு மட்டும் சற்றே தாழ்ந்திருக்கிறது. மூசாங்கை நாம் சபிக்கவில்லை. அதுவும் தன் ரிஸ்கைத் தேடி வந்த ஜீவனே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது! கூட்டைக் கட்டாமல் விட்டது நம் குறை. இப்போது நெருக்கமான கம்பிவலை அடித்து, இரவில் தாழிடுகிறோம்.

சகோதரர்களே! ஒவ்வொருவரும் நம் நம் கணக்கேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். நட்டமென்று நாம் கழித்துவிட்ட வரிகளில், இன்னும் உயிரோடு எழ முயன்றுகொண்டிருப்பவர் யாரேனும் இருக்கக்கூடும். அவர் பக்கம் நம் கண்ணைத் திருப்பவும், அவருக்குரியதைக் காலம் கடக்குமுன் கொடுக்கவும் வல்ல நாயன் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.