வேடமும் முகமும்

1935இல் ஜூலியன் டுவிவியே என்ற பிரெஞ்சு நெறியாளர் 'கொல்கொதா' என்றொரு படம் எடுத்தார். இயேசுவின் இறுதி நாட்களைக் கிறிஸ்தவ நம்பிக்கையின்படி சொல்லும் படம். இயேசுவாக றொபேர் லெ விகான், ஏரோது மன்னனாக ஹரி பௌர், பிலாத்துவாக ழான் கபான். மூவரும் மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்கள்.

நபிமார்களுக்கு உருவம் கொடுப்பதை நாம் ஏற்பதில்லை. அதற்கான காரணங்களை ஆலிம்கள் சொல்வார்கள். லெ விகானின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு இன்னொன்றும் தோன்றியது. இரவல் வாங்கிய முகத்தை ஒரு மனிதன் பிறகு எங்கெல்லாம் கொண்டுபோவான் என்று யாருக்குத் தெரியும்?

1940இல் பாரிஸ் ஜேர்மனியர் வசமாயிற்று. லெ விகான் அவர்களுக்குத் துணைபோன கட்சியொன்றில் சேர்ந்தார். அவர்களின் வானொலியில் யூதர்களுக்கு எதிராக நஞ்சு கக்கினார். ஏரோதுவாக நடித்த ஹரி பௌரையோ யூதர் என்ற சந்தேகம் துரத்தியது. 1942இல் கெஸ்டாப்போ அவரைப் பிடித்துச் சென்று சித்திரவதை செய்தது. மாதக் கணக்கில் அடைத்துவைத்து, உடைந்த உடலாக வெளியே விட்டது. 1943 ஏப்ரலில் இறந்தார். பிலாத்துவாகக் கை கழுவிய கபான், சுதந்திர பிரான்ஸின் படையில் சேர்ந்து யுத்தத்துக்குப் போனார்.

கதை இவ்வளவு நேர்த்தியாக அமைவதும் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. பௌர் மாவீரரல்லர். பேர்லினுக்குப் போய் ஜேர்மன் படத்தில் நடித்தவர். தான் யூதரல்ல என்று நிரூபிக்கப் பாடுபட்டவர். பயந்த மனிதர். பயந்தவரையும் கொன்றார்கள்.

கலை மனிதனைப் பண்படுத்தும் என்று நமது நூல் வெளியீடுகளில் யாராவது ஒருவர் சொல்லாமல் மேடையிறங்குவதில்லை. லெ விகானை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? மோசமான நடிகர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. கார்னேயின் 'மூடுபனித் துறைமுகம்' (1938) படத்தில் வாழ வெறுத்த ஓவியனாக வருகிறார். நான் அந்த ஓவியனை நம்பினேன். பிறர் துயரம் எப்படியிருக்கும் என்பது அந்த மனிதருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அந்த ஒலிவாங்கியின் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார். அறியாமை என்று மன்னிக்கவும் வழியில்லை.

கார்னேயின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' படத்தில் (மஜீதியின் படத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) அவருக்குக் கிடைத்தது ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் பழந்துணி வியாபாரியின் வேடம். 1944இல் நேச நாட்டுப் படைகள் நெருங்கி வர, படப்பிடிப்பை விட்டுவிட்டு ஜேர்மனிக்கு ஓடினார். அவ்வேடத்தைப் பியர் ரெனுவார் ஏற்று, காட்சிகளை மீண்டும் எடுத்தார்கள். 1946இல் லெ விகானுக்குப் பத்தாண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நிபந்தனையோடு வெளியே வந்தவர் ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து ஆர்ஜென்டீனா சேர்ந்தார். 1972இல் தண்டில் என்ற ஊரில் இறந்தார்.

அந்தப் படத்துக்காக அவர் நடித்ததில் ஒரு துண்டு மட்டும் அழியாமல் இருக்கிறது. அதிலும் நன்றாகத்தான் நடித்திருக்கிறார்.