ஒருநாட் பிறப்பும் நியதியும்

ஒரே நாளிற் பிறந்தார் இருவர் வாழ்வு ஒன்றாகாமை என்னை என்னும் வினா மிகப் பழையது. இரட்டைப் பிள்ளைகளை முன்னிட்டே இதனைப் பெரும்பாலும் எழுப்புவர். அவர்க்குத் தாயும் இல்லமும் ஊணும் ஒன்றாகலின், இது நாளின் செயல், இது குடியின் செயல் எனப் பிரித்துக் காண்டல் அரிது. ஆகலின் வேற்று நாட்டார் இருவர் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

1809-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் தேதி, இங்கிலாந்திற் சுரூஸ்பெரி என்னும் ஊரிலே செல்வமிக்க மருத்துவர் ஒருவர்க்கு மகனாகச் சார்லஸ் டார்வின் பிறந்தார். அதே நாளில் அமெரிக்காவிற் கென்டக்கி நாட்டின் காட்டுப்புறத்தே, ஓரறை மரக்குடிலில், ஆபிரகாம் லிங்கன் பிறந்தார். டார்வின் எட்டாம் வயதிலும் லிங்கன் ஒன்பதாம் வயதிலும் தாயை இழந்தனர். இருவரும் பின்னாளில் தாம் பெற்ற மக்களை இளமையிற் பறிகொடுத்து வருந்தினர். இவ்வளவில் நிறுத்தின், “நாளின் வலி கண்டீரோ!” என்று சோதிடம் வல்லார் மகிழ்வர்.

மேலும் சிறிது செல்லின் அம்மகிழ்ச்சி நில்லாது. டார்வின் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். லிங்கன் பள்ளி சென்ற நாளெல்லாம் கூட்டினும் ஓராண்டு நிரம்பாது. டார்வின் 1842 முதல் ஒரு சிற்றூரில் ஒதுங்கி, நோயோடு போராடி நூலாராய்ந்து, 1882-இல் 73-ஆம் வயதில் தம் இல்லத்திலேயே உயிர் நீத்தார். லிங்கன் 1861 முதல் நாட்டின் தலைமை பூண்டு, பெரும்போர் நடாத்தி, 1865 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு நாடகசாலையிற் சுடப்பட்டு மறுநாட் காலை இறந்தார். அப்போது அவர்க்கு வயது 56. (உயிர்வகைகளின் தோற்றம்பற்றி டார்வின் 1859-இல் வெளியிட்ட கொள்கையை ஈண்டு ஆராயப் புகுந்திலேம், அது தனித்து ஆராயற்பாலது.)

அவ்விரண்டு ஊர்க்கும் இடையே ஏறத்தாழ 14 நாழிகை வேறுபாடு உண்டு; நாள் ஒன்றாயினும் இலக்கினம் வேறாகலாம் என்பர் சோதிடர். அது நேரிய விடையே. ஆயினும் இந்த உயிர் இந்த இலக்கினத்தில் இக்குடியிற் பிறத்தற்கும், அந்த உயிர் அந்த இலக்கினத்தில் அக்குடியிற் பிறத்தற்கும் காரணம் யாது என்னும் வினா அவ்விடையால் தீர்ந்திலது. கோள்கள் சடம். சடம் ஒன்றை அறிந்து ஒருவர்க்கு வகுத்தல் யாண்டும் இல்லை. நாழிகை வட்டில் பொழுதைக் காட்டும். பொழுதைப் புலர்விப்பது அதுவன்று. திருமறைக்காட்டில் அப்பர் சுவாமிகள் கோள்நிலை தீது என்று தடுத்தபோது, ஆளுடைய பிள்ளையார் கோளறு பதிகம் அருளி மதுரைக்கு எழுந்தருளியதும் கோள்கள் இறைவன் ஆணைவழி நிற்பன என்னும் கருத்துப் பற்றியே என்க.

சித்தாந்த நூலார் காலம், நியதி என இரண்டு தத்துவம் வேறுவேறாக வைத்தமையின் நயம் ஈண்டே புலனாகும். காலம் வினைப்பயனுக்கு எல்லை வகுக்கும். நியதி அப்பயனைச் செய்தவனுக்கே சேர்ப்பிக்கும். ஒரு பிறந்தநாளைப் பலர் பகிர்ந்துகொள்வர்; ஒருவன் வினையைப் பிறனொருவன் பகிர்ந்துண்ண நியதி விடாது. ஊதியம், இழப்பு, இன்பம், நோய், மூப்பு, இறப்பு ஆகிய ஆறும் கருவிலேயே அமைந்தன என்று சித்தியார் உடையார் கொண்டதும் அவ்வவ்வுயிரின் வினை பற்றியதேயன்றி நாள் பற்றியதன்று.

அற்றேல், ஒரு பெருந்தடை எழும். 1860-இல் அமெரிக்காவில் அடிமைப்பட்டுக் கிடந்த நீக்ரோ மக்கள் ஏறத்தாழ 40 இலட்சம். அவர் அடிமைக் குடிலிற் பிறந்தது பிராரத்தமாயின், 1863 சனவரி முதல்நாள், கிளர்ச்சி செய்த நாடுகளிலிருந்த அடிமைகள் விடுதலையுற்றார் என்று லிங்கன் ஆணை பிறப்பித்தது நியதிக்கு மாறாகாதோ? 1865-இறுதியில் அரசியற் சட்டத்தைத் திருத்தி அவ்வழக்கையே ஒழித்ததும் அத்தகையதன்றோ எனின்:

அன்று. ஒருவன் கடன்பட்டானாயின், வழியிற் போவானொருவன் அவனை அடித்துப் பொருள் பறித்தல் முறையாகாது, கடன் அவனுக்குரியதன்று. படும் துன்பம் பட்டவன் வினைப்பயன். துன்புறுத்திய செயலோ செய்தவனுக்கு ஆகாமியமாய் ஏறும். இனி, அக்கடன் எவ்வளவு, எந்நாளில் தீரும் என்பதை இறைவனன்றி அறிவார் இல்லை. தளை அறுந்த நாளே கடன் தீர்ந்த நாள் எனக் கொள்ளுதற்கு என்ன தடை? நியதியும் சடமே, அதனைச் செலுத்துவோன் அருளுருவினன். நோய் வினையால் வந்ததென்று மருந்தை மறுப்பார் நம்மில் ஒருவரும் இல்லை. பிறர் விலங்கை மட்டும் வினையென்று விட்டுவிடுதல் எந்நூல் வழக்கு?

டார்வின் தம் வரலாற்றில் எழுதிய ஒரு நிகழ்ச்சி ஈண்டு நினைவுகூரத் தக்கது. 1832-இல் பிரேசில் நாட்டுப் பாகியாவில், அவர் சென்ற கப்பலின் தலைவர் பிட்சுராய் அடிமைமுறையைப் புகழ்ந்தார். அடிமைகள் பலரையுடைய செல்வர் ஒருவர், விடுதலை வேண்டுமோ என அவர்களை வினாவினாராம். எல்லோரும் வேண்டா என்றனராம். “ஆண்டான் எதிரில் அடிமை சொல்லும் விடைக்கு மதிப்பு உண்டோ?” என்று டார்வின் கேட்டார். தலைவர் வெகுண்டு, இனி உம்மோடு ஒருங்கிருத்தல் இயலாது என்றார். சில நாழிகையிற் பொறுத்தருள வேண்டினார் என்ப. வினை என்னும் சொல்லை வலியார் எளியார்க்கு எடுத்துரைக்கக் கேட்குந்தோறும் எமக்கு இந்நிகழ்ச்சி தோன்றும். தனக்கு வந்த துன்பத்தின்கண் மனங்கலங்காமைப் பொருட்டு ஆசிரியர் வகுத்த கொள்கையைப் பிறர் துன்பத்தின்கண் மனமிரங்காமைப் பொருட்டுக் கொள்ளுதல் பெரும்பிழை. கற்றோர் அவையிலும் இப்பிழை நிகழ்தலின் இத்துணை விரித்தாம்.

இருவர்க்கும் பொதுவாய் நின்ற உயர்குணம் அடிமைமுறையை வெறுத்த அவ்வொன்றே. அதனை நாள் தந்ததென்னலாமோ எனின், ஆகாது. டார்வினுடைய பாட்டனார் இருவரும் அம்முறையை எதிர்த்தவர். தாய்வழிப் பாட்டனாராகிய வெட்ஜ்வுட்டு, விலங்குபூண்ட அடிமையுருவம் பொறித்த வில்லையை 1787-இல் வார்ப்பித்து வழங்கினார். லிங்கனுடைய தந்தை 1816-இல் கென்டக்கியை விட்டு நீங்கியதற்கு நிலவுரிமை வழக்கோடு அடிமைமுறையும் ஒரு காரணம் என மகனே எழுதினார். ஆகவே அவ்வெறுப்பு இருவர்க்கும் சார்பால் வந்தது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது சித்தாந்தத் துணிபு.

நம்மவர் பிறந்தநாளினும் குருபூசை நாளைப் பெரிதாகக் கொண்டமையும் ஈண்டு நோக்கற்பாலது. சுந்தரமூர்த்தி சுவாமிகளும் சேரமான் பெருமாளும் ஆடிச் சுவாதி ஒன்றையே பகிர்ந்துகொண்டனர். வன்றொண்டரைச் சார்ந்தமையாற் சேரர்கோனுக்கு அந்நாள் கிடைத்தது. வைகாசி மூலத்தில் நல்லூர்ப் பெருமணத்தே பிள்ளையாரோடு சோதியிற் புக்கார் பலர். அந்தணராகிய திருநீலநக்கரும் முருகரும் அவருட் சேர்ந்தார். யாழேந்திய திருநீலகண்டப் பெரும்பாணரும் மனைவியாரோடு சேர்ந்தார். பிள்ளையார் பிறந்தது திருவாதிரை என்று கூறிய சேக்கிழார், இவர்கள் பிறந்த நாள் எது என்று கூறினாரிலர்.