யாருடைய அறுவடை?

பெங்களூருவின் வடபகுதியில் ஜக்கூர் ஏரி இருக்கிறது. அதன் கரையில் தன்னார்வலர்கள் ஒன்றுகூடிச் சமூகத் தோட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். நிலம் பொதுச்சொத்து, மண்வெட்டி பிடிப்பவர் எவர் பெயரிலும் பட்டா கிடையாது. இதே நகரில் மாடியிலும் முற்றத்திலும் காய்கறி பயிரிடுபவர்களை ஒருங்கிணைத்து, 'கார்டன் சிட்டி ஃபார்மர்ஸ்' என்ற அறக்கட்டளை 2011-ஆம் ஆண்டு முதல் பலமுறை தோட்ட விழாக்களை நடத்தியிருக்கிறது. ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கும் பொதுத் தோட்டத்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மாடியில் காய்த்த கத்தரிக்காய் யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. பொது நிலத்தில் காய்த்ததைக் குறித்தோ, அக்கேள்வி எழாமல் இருப்பதில்லை.

தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் ஒருவர் பாடுபட்டு விளைவித்தது யாருக்குச் சொந்தம்?

பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் இதற்கு ஒரு விடை தந்தார். மனிதனின் உழைப்பு அவனுக்கே உரியது; அதை அவன் இயற்கைப் பொருளோடு கலக்கும்போது அப்பொருளும் அவனுடையதாகிறது என்பது அவரது வாதம். பிறருக்கும் போதிய அளவு, அதே தரத்தில் எஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் சேர்த்தே கூறினார். கேட்பதற்கு இது நியாயமாகவே இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் ஓராண்டைக் கழித்தவருக்கு இந்த வாதத்தின் குறை புலப்படும்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. பாத்தியைக் கொத்துகிறார், தொழுவுரமும் மட்கிய இலைச்சருகும் இடுகிறார், வெண்டையும் கீரையும் விதைக்கிறார். உழைப்பு அவருடையதுதான். ஆனால் எரு பல வீடுகளின் காய்கறித் தோலிலிருந்து வந்தது. மண்ணைப் பொலபொலப்பாக்கியது மண்புழு. பூவைக் காயாக்கியது பெயர் தெரியாத ஒரு தேனீ. சென்ற ஆண்டு அதே பாத்தியில் பயறு விதைத்து மண்ணை வளப்படுத்திச் சென்றவர் இன்று வேறு ஊரில் இருக்கலாம். மழையோ எவருடைய கணக்கிலும் சேராது. இத்தனை பேருடைய பங்கும் கலந்திருக்கும்போது, தன் உழைப்பை மட்டும் எண்ணி, "இது என்னுடையது" என்று எப்படிக் கூறுவது?

அப்படியானால் எதுவுமே யாருடையதும் அல்ல என்று விட்டுவிடலாமா? அதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. பலருக்கும் பொதுவான பொருளை மக்கள் குறைவாகவே பேணுகிறார்கள் என்று அரிஸ்டாட்டில் அன்றே சுட்டிக்காட்டினார். ஊர்ப் பொதுக்கிணறு தூர்ந்து கிடப்பதைக் கண்டவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆகவே பொதுத் தோட்டத்துக்குக் கட்டுப்பாடு தேவை. இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி அமைப்புகள் மக்களுக்குச் சிறு தோட்டத் துண்டுகளைக் குத்தகைக்கு அளிக்கின்றன. பயிரிடாமல் போட்டு வைப்பவர் அந்தத் துண்டை இழக்க நேரிடும். அங்கே பணம் கட்டினால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும்.

பெங்களூருவில் மிகுதியாக மழை பெய்யும் மாதங்களுள் ஒன்று செப்டம்பர். பயிரைவிடக் களை வேகமாக வளரும் காலம் அது. ஒரு பாத்திக்காரர் சில வாரங்கள் வரவில்லை. அவருடைய பாத்தியில் களை பூத்து, விதை அடுத்த பாத்திகளில் விழுகிறது. பக்கத்துப் பாத்திக்காரர் என்ன செய்ய வேண்டும்? "விதிப்படி அவரை நீக்குங்கள்" என்று உடனே கூறுவது கல்நெஞ்சம். ஒன்றும் கூறாமல் முணுமுணுப்பது கோழைத்தனம். அவர் நோயுற்றிருக்கிறாரா என்று விசாரிப்பதும், அதுவரை அந்தக் களையைத் தானே பிடுங்குவதும் தர்மம். அவருக்கு ஈடுபாடே இல்லை என்று தெரிந்தால், காத்திருக்கும் மற்றொருவருக்கு அந்தப் பாத்தியைக் கொடுக்கும்படி சொல்வதும் தர்மமே. கருணை என்ற பெயரில் நிலத்தைப் பாழாக விடுவது கருணை ஆகாது.

பனிக்காலம் வருகிறது. கன்னடத்தில் அவரேகாய் எனப்படும் மொச்சை காய்த்துக் குலுங்குகிறது. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் யாரோ பறித்துச் சென்றிருக்கிறார்கள். கேளாமல் எடுத்தது தவறு. அதைத் தவறு என்று கூறுவதில் தயக்கம் வேண்டாம். ஆயினும் உள்ளே கொதிக்கும் கோபத்தைச் சற்று ஆராய வேண்டும். போனது இரண்டு கைப்பிடி மொச்சை. கோபமோ அதைவிடப் பலமடங்கு பெரியது. எது அடிபட்டது? 'என்னுடையது' என்ற எண்ணம் அல்லவா?

உண்மையான சோதனை கோடையில் வருகிறது. 2023-இல் பருவமழை பொய்த்தது. 2024 மார்ச்சில் பெங்களூருவில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றின. குடிநீரைத் தோட்டத்துக்கும் வாகனம் கழுவுவதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பல நூறு மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர் அது. லாரி நீருக்காக மக்கள் குடங்களோடு காத்திருந்தார்கள்.

மூன்று மாதம் வளர்த்த தக்காளிச் செடி கண்ணெதிரே வாடுகிறது. குழாயைத் திறந்தால் பிழைக்கும். செடி 'என்னுடையது' என்று எண்ணுபவரின் கை குழாயை நோக்கி நீளும். அது ஒப்படைக்கப்பட்டது என்று உணர்ந்தவரோ, தண்ணீரும் அவ்வாறே ஒப்படைக்கப்பட்டது என்பதையும் உணர்வார். அரிசி களைந்த நீரைக் கொண்டுவருவார். வேரடியில் சருகைப் பரப்பி ஈரம் காப்பார். சில பாத்திகளைத் தரிசாக விடுவார். அவ்வளவுக்குப் பிறகும் செடி பட்டுப்போனால், போகவிடுவார். குழாயைத் திறக்காத அந்தக் கையும் தோட்டத்தைப் பேணுகிற கைதான். ஜக்கூர் ஏரியே இதற்கு வழி காட்டுகிறது: நகரம் பயன்படுத்திக் கழித்த நீர் சுத்திகரிக்கப்பட்டு, நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்புநிலத்தைக் கடந்து அந்த ஏரியை நிரப்புகிறது.

இந்த மனோபாவத்துக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் உண்டு: தர்மகர்த்தா. கோயில் நிலத்தின் விளைச்சல் தர்மகர்த்தாவுக்குச் சொந்தமல்ல. அதற்காக அவர் அந்த நிலத்தைப் பாழாக விட்டுவிடவும் முடியாது. உரிமை கொண்டாடாமலே முழுச் சிரத்தையோடு உழைப்பது அவர் கடமை. பாத்தியில் விளைந்த கீரையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்து உண்பதில் தவறில்லை. மண்ணை, தான் பெற்றதைவிட வளமாக அடுத்தவரிடம் ஒப்படைக்கிறோமா என்பதே கேள்வி.

இது இந்த மண்ணுக்குப் புதிதன்று. பழைய மைசூர்ப் பகுதியில் ஊர்தோறும் 'குண்டுதோப்பு' என்ற பொதுத்தோப்புகள் இருந்தன. மாவும் பலாவும் நாவலும் புளியும் அங்கே வளர்ந்தன. புளியங்கன்றை நட்டவர், அது முழு மரமாகி நிழல் பரப்புவதைத் தாம் காணப்போவதில்லை என்பதை அறிந்தே நட்டார். தண்ணீரும் ஊற்றினார்.