மூப்பின் பயன்

நெடிது வாழ விரும்பாதார் இலர். ஆயின் மூப்பை விரும்புவாரும் இலர். வலியும் பொருளும் கைநெகிழும் அப்பருவத்தில் இன்பமும் அறிவும் எங்ஙனம் விளையும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பாகூர் ஏரி நீர் பாயும் நெல்வயல்களிலும், வில்லியனூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஆண்டு முதிர்ந்த உழவர் பலர் உளர். ஐம்பது அறுவடை கண்டவர் வயலை மைந்தர்பால் விடுத்துத் திண்ணையில் ஓயுங்கால், "இனி யான் யாருக்குப் பயன்படுவேன்?" என்னும் வினாவே நோயினும் பெருந்துன்பமாகின்றது.

ஆண்டு முதிர அறிவும் தானே முதிரும் என்பாராயின், அது பொருந்தாது; நரை வந்தும் சினமும் பற்றும் தணியாதாரைக் காண்கின்றோமன்றோ? ஏட்டுக் கல்வி மட்டும் அதனைத் தந்துவிடாது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது 8-ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் விளங்கிய வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்றன என்று 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கல்வி வளர்தற்கு ஊரும் வருவாயும் வேண்டும். மூப்பின் அறிவுக்கோ "யான், எனது" என்னும் செருக்கு நெகிழ்தலே வேண்டும். உடல் தளருங்கால் செருக்கும் தளர வழியுண்டாகின்றது. அதனைத் தளர விடுதலும் இறுகப் பற்றுதலும் நம்பாலன.

இதற்குத் திருநாவுக்கரசு நாயனாரே சான்று. அவர் 81 ஆண்டு வாழ்ந்தனர் என்பது சைவ மரபு. கோயில் முன்றிலிற் புல் செதுக்கும் உழவாரப்படை முதுமையிலும் அவர் கையை நீங்கிற்றிலது. அத்தகையார் கயிலை காண விழைந்து வடக்கே சென்றபோது, கால்கள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார், மார்பால் உந்தினார், புரண்டார், முடிவில் உறுப்பெல்லாம் ஓய்ந்தன. அந்நிலையில் இறைவன் அவரைத் தடாகமொன்றில் மூழ்கப் பணித்துத் திருவையாற்றில் எழச் செய்து, ஆண்டே கயிலைக் காட்சி அளித்தனன் எனச் சேக்கிழார் உரைத்தனர். அங்கு அவர் கண்டவை எவை? துணையொடு வரும் களிறு, கோழி, குயில், மயில், நாரை, கிளி முதலியனவே. அவற்றில் அம்மையப்பரைக் கண்டு களித்தார். கோழியும் குயிலும் நாரையும் பாகூரார்க்கும் அரியனவல்ல. அரியது அவற்றைக் காணும் கண்ணே.

"உழவாரம் பிடிக்கவும் இயலாது படுக்கையிற் கிடப்பார்க்கு யாது வழி?" என வினவலாம். நாயனார்க்கு அக்காட்சி கிடைத்தது உறுப்புக்கள் ஓய்ந்த பின்னரே என்பது நோக்கத்தக்கது. கை ஓய்ந்தாலும் அன்பு ஓயவேண்டுவதில்லை. இயன்றவர் வில்லியனூர்த் திருக்காமீசர் திருமுன்னர்க்குப் பூத்தொடுத்து உதவுக. இயலாதவர், அயலானொடு நெடுநாள் நிகழ்ந்த வரப்பு வழக்கை மறந்து, அவனை அழைத்து ஓரின்சொல் கூறுக. படுத்தவாறே செய்யத்தக்க பெருந்தொண்டு அது; அதனால் இரு குடிகள் வாழும்.

இளையோர்க்கும் ஒரு கடன் உண்டு. முதியோர்க்குச் சோறிடுதலோடு அமையாது, விதைப்புக்கு முன் அவர்தம் கருத்தையும் கேட்பாராக. கேட்பார் உளராயின் திண்ணையும் ஒரு வித்தியாஸ்தானமாம். அன்பு கனிந்த மூப்பு சுமையன்று. வாழ்நாளெல்லாம் உழுது பெற்ற விளைவே அது.